கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகள்: ஆசிரியரை அனுப்புவது யார்? கூரையைச் சரிசெய்வது யார்?

கேமரன் மலையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பள்ளியில் நான்காம் ஆண்டுக்குக் கணித ஆசிரியர் மாறிப்போய் இரண்டு மாதமாகிறது, மாற்று ஆசிரியர் வரவில்லை. கழிப்பறையைத் துப்புரவு செய்யும் அம்மாவுக்குப் போன மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. மூன்று குறைகளும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். கூரைக்கான பதில், பள்ளி நிற்கும் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. கணித ஆசிரியருக்கான பதில் தானா ராத்தாவைத் தாண்டிக் குவாந்தானுக்கும் புத்ராஜெயாவுக்கும் போகிறது. துப்புரவு அம்மாவின் சம்பளம் ஒரு குத்தகை நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பெற்றோர் முதலில் போய் நிற்பது தலைமையாசிரியர் அறையின் முன்தான். அது இயல்பு. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடத் தனியாக முடித்துவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நம் மக்களில் பலர் அடுத்துக் கட்சிக் கிளைத் தலைவரிடம் போகிறார்கள். அவர் ஒரு கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மலையில் உள்ள பள்ளிகள்

பகாங்கின் 11 மாவட்டங்களில் பரப்பளவில் மிகச் சிறியது கேமரன் மலை. சுமார் 712 சதுர கிலோமீட்டர். உலு தெலோம், தானா ராத்தா, ரிங்லெட் என்று மூன்று முக்கிம்கள். இந்தச் சிறிய பரப்பில் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளி, இடைநிலைப்பள்ளி என எல்லா வகையும் உண்டு.

தமிழ்ப்பள்ளிகளின் பெயரைப் பார்த்தாலே இரண்டு வகை தெரியும். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி எனத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியவை ஒரு வகை. தானா ராத்தா, ரிங்லெட், குவாலா தெர்லா என ஊர்ப் பெயரைத் தாங்கியவை இன்னொரு வகை. தோட்டத்துப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளை என்று பெரியவர்கள் இன்றும் பிரித்துப் பேசுவது இந்தப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் இரு சாராரும் தானா ராத்தாவில் உள்ள சுல்தான் அகமட் ஷா இடைநிலைப்பள்ளியிலோ ரிங்லெட், கம்போங் ராஜா இடைநிலைப்பள்ளிகளிலோ ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள்.

மாவட்டக் கல்வி இலாகா மலையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் இருப்பது பகாங் மாநிலக் கல்வி இலாகா. அது குவாந்தானில், தென்சீனக் கடலோரம். ஒரே மாநிலம் என்றாலும் தேயிலை மலைக்கும் மாநிலத் தலைநகருக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்குச் சாலை வருவதற்கு முன், கேமரன் மலையிலிருந்து பகாங்கின் மற்றப் பகுதிகளுக்குப் போக வேண்டுமானால் முதலில் பேராக் மாநிலத்துக்குள் இறங்க வேண்டும். தாப்பா போய், அங்கிருந்து சுற்றித்தான் சொந்த மாநிலத்துக்குள் நுழைய முடியும். மலையில் உள்ள ஆசிரியர்களில் பலருக்கு ஈப்போவும் தாப்பாவும் குவாந்தானைவிட நெருங்கிய ஊர்களாக இருப்பதற்கு இதுவே காரணம்.

லயத்துப் பள்ளிக்கூடம்

ஜே. ஏ. ரஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனம் வந்தது. தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலையும் அந்தக் காலகட்டத்தில்தான் முடிந்தது. காடழித்துக் கன்று நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். குடும்பமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது தோட்ட நிர்வாகத்தின் கருணையால் மட்டும் வந்ததல்ல. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்றது.

சட்டம் பள்ளி வேண்டும் என்றதே தவிர, எப்படிப்பட்ட பள்ளி என்பதில் தளர்வாகத்தான் இருந்தது. மலாயாவின் பல தோட்டங்களில் லயத்தின் ஒரு முனையோ, ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையோதான் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அல்லது கிராணி ஆசிரியராக இருந்தார். காலையில் பெரட்டு, பிறகு பாடம், மாலையில் ஊருக்கு எழுத வேண்டிய கடிதங்கள். தோட்டத்து ஆசிரியரை இன்றைக்கும் "வாத்தியாரு" என்று எழுந்து நின்று அழைக்கும் முதியவர்களுக்கு அந்தக் காலம் நினைவில் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வாத்தியார் அல்ல.

அதே மலையில், அதே ஆண்டுகளில், இன்னொரு வகைப் பள்ளியும் இருந்தது. சிங்கப்பூரில் தங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார் 1934இல் கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள், சமவெளி வெயிலிலிருந்து விலகிக் குளிர்ந்த மலையில் தங்கிப் படிப்பதற்காக. போருக்குப் பிறகு, பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி தானா ராத்தாவில் நடந்து 1964இல் மூடப்பட்டது. அவை இரண்டும் போய்விட்டன. லயத்தில் தொடங்கிய பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்களில் முன்னவற்றுக்குத்தான் இடம் கிடைக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டி நிலைமை மாறியது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டம் பொதுவானது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தது. ஏறத்தாழ 35 ஆண்டுக் காலம் தமிழ், சீன சமூகங்களை உறுத்திக்கொண்டிருந்த அந்தப் பிரிவு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம்பெறவில்லை. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்குச் சற்றுக் குறைவு. குறைந்த 350க்கு மேற்பட்ட பள்ளிகளை எந்த அமைச்சரும் அந்தப் பிரிவைக் காட்டித் தேசியப் பள்ளியாக மாற்றிவிடவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய் செம்பனை வந்தது, மக்கள் வெளியேறினார்கள், பிள்ளைகள் இல்லாமற் போனார்கள். சில பள்ளிகள் பக்கத்துப் பள்ளியோடு இணைந்தன.

நியமனம் எங்கிருந்து வருகிறது

மலேசியாவில் கல்வி, கூட்டரசு அரசாங்கத்தின் பட்டியலில் உள்ள துறை. மாநில அரசுக்கோ மாவட்ட மன்றத்துக்கோ ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் கிடையாது. மாவட்டக் கல்வி இலாகா என்பது கல்வி அமைச்சின் கீழ்ப்படி அலுவலகம். அதன் தலைவரான மாவட்டக் கல்வி அதிகாரி ஓர் அரசாங்க ஊழியர். மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்துபவர் அல்லர்.

இது எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒவ்வொரு கவுண்டியும் ஒரு பள்ளி மாவட்டம். அதன் வாரிய உறுப்பினர்களை ஊர் மக்கள் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், சமையல்காரர் ஆகிய எல்லாரும் அந்த வாரியத்தின் ஊழியர்கள். வீட்டு வரியின் ஒரு பகுதி நேராகப் பள்ளிக்குப் போகிறது. அங்கே ஆசிரியர் வரவில்லையென்றால் வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம். வசதியான வட்டாரத்தின் பள்ளி மேலும் வசதியாவதும் அந்த முறையில்தான் நடக்கிறது. நம்முடைய முறையில் ஆசிரியர் சம்பளம் புத்ராஜெயாவிலிருந்து வருவதால், புளூ வேலி ஆசிரியருக்கும் பெட்டாலிங் ஜெயா ஆசிரியருக்கும் அடிப்படைச் சம்பள முறை ஒன்றே. தேயிலைத் தோட்டத்துக்கு இது சிறிய நன்மை அல்ல.

இலங்கையின் மலையகத்தை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அதுவரை தோட்ட நிர்வாகத்தின் தயவில் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம் என்றே பல இடங்களில் ஓடியது. மலையகத்துக்கென ஆசிரியர்களை உருவாக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி பிறகுதான் எழுந்தது. நாம் அந்தப் படியை முன்பே கடந்துவிட்டோம்.

நம் நாட்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வருபவர் பெரும்பாலும் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்றவர். ஈப்போ, சுங்கை பட்டாணி போன்ற இடங்களில் உள்ள கழகங்கள் தமிழ் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துள்ளன. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்க் கல்வித் துறை இருக்கிறது. பயிற்சி முடித்தவருக்கு எந்த மாநிலம் என்பதை அமைச்சு முடிவு செய்கிறது. மாநிலத்துக்குள் எந்த மாவட்டம், எந்தப் பள்ளி என்பது மாநில, மாவட்ட இலாகாக்களின் வேலை. ஆகவே நான்காம் ஆண்டுக் கணித ஆசிரியர் வேண்டுமென்றால், தலைமையாசிரியர் காலியிடத்தை மாவட்ட இலாகாவிடம் தெரிவிப்பார். மாவட்டத்துக்குள் எங்காவது உபரி ஆசிரியர் இருந்தால் மாற்றம் அங்கேயே முடியும். இல்லையென்றால் கோப்பு குவாந்தானுக்குப் போகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கடிதம் எழுதும்போது "ஆசிரியர் பற்றாக்குறை" என்று பொதுவாக எழுதுவதால் பயன் குறைவு. எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து காலி என்று குறிப்பிட்டு, மாவட்ட இலாகாவுக்கு அனுப்பி, மாநில இலாகாவின் தமிழ்ப்பள்ளிப் பிரிவுக்கும் ஒரு நகல் வைப்பது நல்லது.

மலைக்கு வருபவர்கள், இறங்குபவர்கள்

மலைக்கு ஆசிரியரை அனுப்புவது ஒரு வேலை. அவரை அங்கே தங்க வைப்பது இன்னொரு வேலை. தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் சுற்றுலா நகரங்கள். வார இறுதியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டாலே நல்ல பணம் கிடைக்கும் ஊரில், மாத வாடகைக்கு வீடு தேடும் இளம் ஆசிரியரின் பாடு சொல்லத் தேவையில்லை. தாப்பாவிலிருந்து தினமும் ஏறி இறங்கலாம் என்றால், தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தச் சாலையும் அடைபடும். 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் வேலி பகுதியில் ஏற்பட்ட சேற்று வெள்ளமும், 2024 ஜனவரியில் புளூ வேலியில் ஐந்து மியன்மார் தொழிலாளர்களைப் பலிகொண்ட நிலச்சரிவும் இந்த மண்ணின் நிலையை நினைவூட்டியவை.

எட்டாத இடங்களில் உள்ள பள்ளிகளை அரசாங்கம் பி1, பி2, பி3 என்று வகைப்படுத்தி ஆசிரியர்களுக்கு மாதம் 500, 1,000, 1,500 ரிங்கிட் என உட்புற அலவன்ஸ் கொடுத்து வந்துள்ளது. இதற்கு அளவுகோல் பள்ளிக்குப் போய்ச் சேரும் சிரமம். நான்கு சக்கர இயக்க வண்டியில் காட்டு வழியே போக வேண்டிய லெமோய் போன்ற பூர்வகுடிப் பள்ளியும், தார் ரோடு ஓரத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளியும் ஒரே வகைக்குள் வர முடியாது. அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ரோடு ஓரத்தில் இருந்தாலும் வாடகை வீடு கிடைக்காத சிரமத்துக்கு அந்த அளவுகோலில் இடமில்லை என்பதும் உண்மை.

திருமணமான ஆசிரியர் துணைவர் இருக்கும் மாநிலத்துக்கு மாற்றம் கேட்கிறார். இணையம் வழி விண்ணப்பம் போகிறது. அனுமதி கிடைத்ததும் இறங்கிவிடுகிறார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மலையிலேயே பிறந்து, மலையிலேயே படித்து, ஆசிரியராகித் திரும்பி வந்தவர்கள்தான் நீண்ட காலம் நிற்கிறார்கள்.

ஒருவருக்குப் பத்து நாற்காலி

தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியருக்குக் கீழே மூன்று துணைத் தலைமையாசிரியர்கள் உண்டு. நிர்வாகம், மாணவர் நலன், புறப்பாட நடவடிக்கை ஆகியவை அவர்களின் பொறுப்புகள். தலைமையாசிரியர் ஆவதற்கு அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் தலைமைத்துவத் தகுதிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்தாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது.

பெரிய பள்ளியில் இந்த அமைப்பு சரியாகப் பொருந்தும். 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியை அமைச்சு "குறைந்த மாணவர் பள்ளி" என்கிறது. நாட்டில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் இந்த வகை. இங்கே துணைத் தலைமையாசிரியரே வகுப்பாசிரியர், அவரே பாடநூல் பொறுப்பாளர், அவரே விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர். 600 மாணவர் பள்ளி எத்தனை பணித்தியக் குழுக்களை வைத்திருக்க வேண்டுமோ அத்தனையையும் 60 மாணவர் பள்ளியும் வைத்திருக்க வேண்டும். அறிக்கைகளும் அத்தனையே. மாணவர் எண்ணிக்கை குறைவதால் கோப்பு குறைவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். மாணவர் தலைக்கு இத்தனை ஆசிரியர் என்று இங்கே கணக்கிடுவதில்லை. வகுப்புகளைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு வகுப்புக்கு ஒன்றரை ஆசிரியர் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆண்டுக்கு ஒரு வகுப்பு வீதம் ஆறு வகுப்புகள் என்றால் 9 பேர். பாலர் பள்ளி ஆசிரியர் போன்ற தனிப் பணியிடங்கள் இதற்கு மேல். ஒரு வகுப்பில் 8 பிள்ளைகள் இருந்தாலும் 28 பேர் இருந்தாலும் அது ஒரு வகுப்புதான். சிறிய பள்ளிக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மொத்த மாணவர்கள் 30 பேர் அளவுக்குக் கீழே போய்விட்டால் இணைந்த வகுப்பு முறை வருகிறது. முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். வகுப்பு எண்ணிக்கை குறைகிறது, பணியிடமும் குறைகிறது. உபரியாகும் ஆசிரியர் மாற்றப்படுகிறார். ஆசிரியர் குறைந்த பள்ளி என்று பேச்சு கிளம்பினால், அடுத்த ஆண்டு இரண்டு பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை மேலும் இறங்குகிறது. 31 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 27 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் வித்தியாசம் நான்கு பிள்ளைகள், அதாவது ஒரு லயத்தில் இரண்டு குடும்பம். அந்த இரண்டு குடும்பம் தானா ராத்தாவுக்குக் குடிபோனால் மீதி 27 பிள்ளைகளும் படிக்கும் முறையே மாறிவிடும்.

பள்ளிக்கு வரும் தலைவீத மானியமும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியதே.

சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்

பள்ளியில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அரசாங்க ஊழியர்கள் அல்லர். அலுவலகக் கிராணி அரசாங்க ஊழியர். பாலர் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் மாணவர் நிர்வாக உதவியாளரும் அப்படியே. துப்புரவுப் பணியாளரும் பாதுகாவலரும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் தனியாகக் குத்தகை எடுத்தவர்.

துப்புரவு வேலையில் இருப்பவர்களில் நம் பெண்கள் பலர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளை படிக்கும் பள்ளியையே கூட்டிப் பெருக்குகிறவர்களும் உண்டு. குத்தகை மாறும்போது நிறுவனம் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. பத்தாண்டு வேலை செய்தவருக்கும் பணிக்காலம் முதலிலிருந்து எண்ணப்படும் நிலை இதனால்தான் வருகிறது.

இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் குத்தகைத் தொழிலாளருக்கும் பொருந்தும். 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதி, சொக்சோ ஆகியவற்றுக்கு முதலாளியின் பங்கைக் கட்ட வேண்டியது குத்தகை நிறுவனம். சம்பளம் தாமதமானால் தலைமையாசிரியரிடம் சொல்லிவைக்கலாம். அவர் மாதாமாதம் குத்தகையாளரின் வேலையை மதிப்பிட்டுக் கையெழுத்திடுபவர் என்பதால் அவருடைய குறிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் சம்பளத்தை வாங்கித் தரும் சட்ட அதிகாரம் மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் இலாகாவுக்குத்தான். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கின் நகலையும் எடுத்துப்போனால் போதும். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

நிலம் யாருடையது

இனி ஒழுகும் கூரை. தமிழ்ப்பள்ளிகள் முழு உதவி பெறுபவை, பகுதி உதவி பெறுபவை என இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு முழு உதவி. தோட்டத்துக்கோ தனியாருக்கோ சொந்தமான நிலத்தில் நிற்கும் பள்ளிக்குப் பகுதி உதவி. இரண்டிலும் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையதே. பாடநூல் இரவல் திட்டமும் இரண்டுக்கும் உண்டு. வேறுபாடு கட்டடத்தில் வருகிறது. முழு உதவி பெறும் பள்ளியின் கட்டடப் பராமரிப்பு அமைச்சின் கடமை. பகுதி உதவிப் பள்ளிக்கு மானியம் வரலாம், ஆனால் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும். புதுக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பள்ளி வாரியம் என்ற அமைப்பு இந்தப் பள்ளிகளில் முக்கியம் பெறுவது இதனால்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும். நிலம், கட்டடம், தோட்ட நிர்வாகத்தோடு பேச்சு ஆகியவை வாரியத்தின் வேலை.

பல ஊர்களில் இரண்டும் ஒரே ஆட்களின் கையில் இருக்கிறது. அது நல்லதல்ல. சங்கத் தேர்தல் சண்டையில் நிலப் பேச்சு நின்றுபோனதை நம் சமூகம் நிறையப் பார்த்துவிட்டது.

தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாமற்போனால் பள்ளியின் உரிமத்தை மக்கள் இருக்கும் இடத்துக்கு மாற்றும் வழியும் உண்டு. சுபாங் ஜெயாவில் இன்று பெரிய பள்ளியாக விளங்கும் சீஃபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி, தோட்டம் மறைந்தபின் நகரத்துப் பள்ளியாகத் தழைத்தது. கேமரன் மலையில் இந்த வழி அத்தனை எளிதல்ல. சமமான நிலம் அரிது, கிடைத்தாலும் விலை அதிகம், சரிவில் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் பல.

பிள்ளைகள் எங்கே போனார்கள்

தேயிலையைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆள் தேவை குறைந்தது. இருக்கிற வேலைக்கும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு வருவதில்லை, ஆகவே லயம் நிறைந்திருந்தாலும் பள்ளிக்குப் பிள்ளை வராது. நம் பிள்ளைகளின் பெற்றோர் காய்கறித் தோட்டம், லோரி, ஹோட்டல், சந்தைக் கடை என்று நகர்ந்தார்கள். பலர் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இறங்கிவிட்டார்கள். மலையிலேயே இருப்பவர்களில் ஒரு பகுதியினர் பிள்ளையைத் தேசியப் பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ சேர்க்கிறார்கள். சந்தையில் சீன மொழி தெரிந்தால் வேலை கிடைக்கும் என்ற கணக்கு அவர்களுடையது. அதைக் கேலி பேசித் தடுக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் பாடம் நன்றாக நடக்கிறது, ஆசிரியர் நிலையாக இருக்கிறார் என்று காட்டித்தான் மாற்ற முடியும்.

முதலாம் ஆண்டுப் பதிவு இப்போது இணையம் வழி நடக்கிறது. தோட்டத்தின் உள்ளே அலைவரிசை கிடைக்காத இடங்களில் இது சிரமம். பள்ளி அலுவலகத்துக்குப் பிறப்புப் பத்திரத்தோடு போனால் உதவுவார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத, அல்லது அதில் குடியுரிமை இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளைகள் தோட்டப் புறங்களில் உண்டு. தாய் தந்தையரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பத்திரச் சிக்கல் தீரும்வரை காத்திராமல் பிள்ளையைச் சேர்க்க 2019 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. மாவட்டக் கல்வி இலாகாவில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். "பத்திரம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு பிள்ளையை இரண்டு வருடம் வீட்டில் வைத்திருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய கேடு. தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டபின், பிள்ளையின் நிலையை ஒரே தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் போய்விட்டது. பள்ளி அளவிலான மதிப்பீட்டு அறிக்கையை ஆண்டுதோறும் கேட்டு வாங்கிப் பார்ப்பது இப்போது பெற்றோரின் வேலை. மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவுநிலை இல்லாத பிள்ளை இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேரிடும். அந்த ஓராண்டில் படிப்பை விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்பதால் நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே இதைக் கவனிக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் தொடருமா என்பது அடுத்த கேள்வி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். கேட்டால் என்பதுதான் இதில் முக்கியமான சொல். 15 பேர் இருந்தும் கையொப்பமிட்டுக் கொடுக்க ஆளில்லாததால் தமிழ் ஆசிரியர் பணியிடம் உருவாகாமல் போகலாம். படிவம் ஒன்றில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பெற்றோர் சேர்ந்து முதல்வரிடம் எழுத்து வழி விண்ணப்பம் கொடுத்து, நகலில் பள்ளியின் முத்திரையையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வகுப்பு தொடங்கவில்லையென்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகலாம். எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கு முதல் படி அந்த விண்ணப்பம்தான்.